முன்னால் மூன்று, பின்னால் ஆறு

சேலத்திலிருந்து வந்த பஸ்ஸின் கூரைமேல் ஏறிய கண்டக்டர் இறக்கிக் கொடுத்தது டேப்ரெக்கார்டர் இல்லை, டி.வி. இல்லை, ஒரு மிக்ஸி கூட இல்லை. கதவு ஒன்றைக் கழற்றிக் கம்பளியில் சுற்றியது போல அகலமாக, சணல் கயிறு போட்டு வரிந்து கட்டிய ஒரு பொட்டலம். எண்பத்தெட்டாம் வருடத்தில் துபாயிலிருந்து திரும்புகிற ஆள் பாப்பிரெட்டிப்பட்டி பஸ் நிலையத்தில் என்ன இறக்க வேண்டும் என்று ஊருக்கு ஒரு எதிர்பார்ப்பு உண்டு. டீக்கடை பச்சியப்பன் காலையிலிருந்தே 'ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் நிச்சயம்' என்று சொல்லிக்கொண்டிருந்தான். எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த காசிம், பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்த டியூபைத் தண்ணீர்ச் சட்டியிலேயே போட்டுவிட்டு ஓடினான். வந்திருந்தது அவனுடைய அக்காள் புருஷன் அப்துல் கனி. ஆறு வருடம் கழித்து வந்திருந்தார்.

கட்டிக்கொண்டபோது மச்சானின் சட்டைக்குள் ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. இடுப்பிலிருந்து மார்பு வரைக்கும், உள்ளே இரும்புப் பட்டை வைத்துத் தைத்த பெல்ட். கட்டடத்துச் சாரம் சரிந்து விழுந்த செய்தி கடிதத்தில் வந்ததுதான். அதே கடிதத்தில் 'தற்சமயம் நலம்' என்றும் எழுதியிருந்ததால், இங்கே எல்லோரும் நலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட்டார்கள். மச்சான் தலையில் தண்ணீர்க்குடம் வைத்தவர் போல நிமிர்ந்தே நின்றார். செருப்பு நழுவியபோது குனியவில்லை. காலாலேயே துழாவி மாட்டிக்கொண்டார். அதைப் பார்த்ததும் காசிம் குனிந்து அவர் செருப்பு வாரைச் சரிசெய்தான். 'இன்னும் எத்தனை காலத்துக்குத் துணி மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊரூராய் மிதிப்பீங்க, ஒரு நடை போய்ட்டு வாங்க' என்று அவரைத் துபாய்க்குத் தள்ளிவிட்டதே அவன்தான்.

பொட்டலத்தை அங்கேயே பிரித்தார்கள். பிரிக்காமல் பச்சியப்பன் விட்டிருக்க மாட்டான். உள்ளே இருந்தது ஒரு சைக்கிள். அதுவும் மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, பெல் இல்லை, செயின் கவர் இல்லை. டயர் மட்டும் டிராக்டர் டயரைக் காய்ச்சிச் சுருக்கியது போல முடிச்சு முடிச்சாகத் தடித்திருந்தது.  பச்சியப்பன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"ஏனுங்க பாயி, நம்மூர்ல சைக்கிள் கெடைக்காதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்துல் கனியும் சிரித்தார். காசிமுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினெட்டு வருடமாக சைக்கிளைத் தவிர வேறெதையும் தொடாத அவன் கை, வண்டியைத் தூக்கிப் பார்க்க ஒரு விரலைக் கொடுத்தது. வண்டி அந்த ஒரு விரலுக்கே மேலே வந்தது.

*

அந்த சைக்கிளின் கதையை மச்சான் பல தடவை சொன்னார். அவர் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர். அறுபது வயதுக்கு மேல். வெள்ளிக்கிழமை தவறாமல் இந்த வண்டியை ஜீப்பில் போட்டுக்கொண்டு போய், ஊருக்கு வெளியே இருக்கும் மொட்டைப் பாறை மலையில் ஓட்டுவார். ஒருநாள் சாமான் தூக்க மச்சானும் கூடப் போயிருந்தார். கழுதை ஏறத் தயங்குகிற சரிவில் அந்த ஆள் ஓர் எறும்பைப் போல, அவசரமே இல்லாமல், உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல் ஏறிப் போனாராம். மச்சான் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று முறை வந்து பார்த்தவர், தன் தேசத்துக்குத் திரும்பும்போது இதை மச்சானின் கட்டில் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். மற்றவர்கள் விற்றுவிடச் சொன்னார்கள். மச்சானுக்கு மனசு வரவில்லை. அந்தக் கதையில் காசிமுக்கு மலையும் கழுதையும்தான் மனதில் நின்றன. மற்றதை அவன் காதில் வாங்கவில்லை. பின்னால் அதற்காக அவன் தன்னையே திட்டிக்கொள்ள வேண்டி வந்தது.

முதல் நாளே கடையில் வண்டியைக் கயிற்றில் தொங்கவிட்டான். பெடலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எதிரே போய் டீ வாங்கினான், குடித்தான், பச்சியப்பனோடு இரண்டு வார்த்தை பேசினான், திரும்பி வந்தான். பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. காசிமின் கடையில் முழுக்கக் கழற்றி ஓவராயில் செய்த சைக்கிள் என்றால் அரூர் வரைக்கும் பேர். அப்படிப்பட்ட அவன் கிரீஸ் போட்டு, பால்ரஸ் குண்டுகளை மாற்றி, அல்லாவை வேண்டிக்கொண்டு சுற்றிவிட்டாலும் எந்தச் சக்கரமும் இப்படிச் சுற்றியதில்லை. பக்கத்தில் ஒரு கோணியைப் போட்டு உட்கார்ந்து அது நிற்கும் வரைக்கும் பார்த்தான். தொழுகையில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்ததைப் பிறகுதான் கவனித்தான்.

பெடலுக்குப் பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பல்சக்கரம். பின்னால் அடுக்கி வைத்த தட்டுகள் போல ஆறு. ஹேண்டில்பாரில் கட்டை விரலுக்கு எட்டுகிற இடத்தில் கியர் மாற்றுகிற இரண்டு சின்ன நெம்புகள். வலது நெம்பை நகர்த்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம். செயின் ஒரு பல்லிலிருந்து இறங்கிப் பக்கத்துப் பல்லில் ஏறிக்கொண்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே, யாரும் தொடாமல் ஏறியது. செயின் கழன்றால் அதை மாட்டுவதற்குத்தான் ஊரில் அவனுக்குப் பாதிப் பிழைப்பு. இங்கே அது கழல்வதையே ஒரு வேலையாக வைத்திருக்கிறார்கள். காசிம் அன்றைக்கு நாற்பது தடவையாவது அந்த நெம்பை நகர்த்தியிருப்பான்.

*

மச்சானுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அதை இரண்டாவது வாரம் கடைக்கு வந்து சொன்னார். அதற்கு முன் ஒரு தடவை அந்த வண்டியில் உட்கார்ந்து பார்த்தாயிற்று. நேராக ஒரு தடி மாதிரி இருந்த அந்த ஹேண்டில்பாரைப் பிடிக்க நாற்று நடுகிறவளைப் போல வளைய வேண்டியிருந்தது. "யா அல்லா" என்று ஒரே சத்தம். காசிமும் பச்சியப்பனும் ஆளுக்கொரு கையில் பிடித்து இறக்கினார்கள்.

"நிமிந்து ஓட்டுற மாதிரி பண்ணிக் குடு காசிம்" என்றார் மச்சான். "சேலத்து டாக்டரு மிதிக்கலாம்னு சொல்லிட்டாரு. காலை மெதுவா ஆட்டுனா நல்லதுங்கறாரு. குனியத்தான் கூடாது. பஸ்ல குலுங்கக் கூடாது."

"வேற சைக்கிள் பண்ணித் தரட்டுமா மச்சான்? லேடீஸ் வண்டி ஒண்ணு கெடக்குது."

"இது மலை ஏறுன வண்டிடா. நான் கண்ணால பாத்தேன்."

 அவர் சொல்லாமல் விட்டதும் காசிமுக்குத் தெரியும். மரக்கடை வெங்கடாசலம், இரக்கப்பட்டு, ஒன்றாம் தேதியிலிருந்து காவலுக்கு வரச் சொல்லியிருந்தார். வாசலில் முக்காலி. உள்ளே போகிற கட்டையையும் வெளியே வருகிற கட்டையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியது. துபாய்க்குப் போகும் முன் பதினைந்து வருடம் துணி மூட்டையோடு பாப்பிரெட்டிப்பட்டித் தெருக்களிலும், பெருநாள் தொழுகை நடக்கிற ஈத்கா மேட்டைத் தாண்டி மலையடிவாரத்து ஊர்களிலும் சுற்றி வந்தவர் அவர். எந்த வீட்டில் யாருக்குக் கல்யாணம், யாருக்கு எந்தக் கரை பிடிக்கும் என்று சொல்லிவிடுவார். அந்த மனுஷனைக் கொண்டுபோய் முக்காலியில் உட்கார வைப்பதைக் காசிமால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒன்றாம் தேதிக்குள் அவர் வண்டி ஏறி ஈத்கா மேட்டைத் தாண்ட வேண்டும். தாண்டினால் பழைய தொழில். இல்லாவிட்டால் முக்காலிதான். அதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

கடைக்குப் பின்னால் மச்சானின் பழைய சைக்கிள் துருப்பிடித்துச் சாய்ந்திருந்தது. விட்டுவிட்டுப் போனபடியே ஆறு வருடம். அதன் ஹேண்டில்பார் ஆட்டுக்கடாவின் கொம்பு போல மேலே எழும்பிப் பின்னால் வளைந்து, நிமிர்ந்து உட்கார்ந்தவனின் கைக்குத் தானாக வந்து சேரும். அதைத்தான் கழற்றினான். வெளிநாட்டு வண்டியின் கழுத்தில் எப்படியும் போகாது, ராவித்தான் ஆகவேண்டும் என்று அரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, சும்மா ஒரு தடவை சொருகிப் பார்த்தான்.

போய்விட்டது. ஆடவில்லை, இறுக்கவில்லை, வாளுக்கு உறை செய்த மாதிரி இறங்கி நின்றது. காசிம் அளவுகோலை எடுத்தான். இதுவும் அங்குலத்துக்கு ஒரு நூல் கம்மியாக ஏழு நூல், அதுவும் ஏழு நூல். எந்தக் கடலுக்கு அந்தப்பக்கமோ ஒருவன் கடைந்த குழாயும், நம் ஊர்க் குழாயும், ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே அளவில் இருந்தன. அரத்தைத் திருப்பி மாட்டினான். பச்சியப்பனைக் கூப்பிட்டுக் காட்டினான். "ஓட்டைக்குள்ள குழாய் போனதுக்கா இந்தக் கூவலு?" என்று அவன் கேட்டுவிட்டுப் போனான். அவனுக்கு எப்படிப் புரியும்.

எல்லாம் அப்படி லேசாகப் போய்விடவில்லை. சீட்டுக் கம்பி சற்று ஒல்லி. பவுடர் டப்பாவை வெட்டித் தகடு சுற்றித்தான் நிறுத்த முடிந்தது. ஸ்பிரிங் வைத்த பழைய தோல் சீட்டு அதன்மேல் ஏறியது. முடிச்சு டயருக்குப் பதில் நம் ஊர் டயர் போட நினைத்தான். அதுவும் இருபத்தாறு, இதுவும் இருபத்தாறு, ஆனால் உட்காரவே மாட்டேன் என்றது. காற்று அடிக்க அவன் பம்பு பொருந்தாமல், லாரிக்குப் பஞ்சர் ஒட்டுகிற இடத்துக்கு சைக்கிளை உருட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. சைக்கிள் கடைக்காரன் சைக்கிளுக்குக் காற்றடிக்க லாரி கடைக்குப் போகிற கூத்தை ஊரே பார்த்தது. ஸ்டாண்டு வைக்க வெல்டிங் கருப்பண்ணனிடம் காட்டினான். அவர் கேஸைப் பற்றவைத்ததும், நெருப்பு இந்த உடம்பில் படக் கூடாது என்று அவசரமாக வண்டியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். பட்டை வளைத்துப் போல்ட்டு போட்டே ஸ்டாண்டையும் மட்கார்டையும் மூட்டை தாங்குகிற கேரியரையும் நிறுத்தினான். பழைய வண்டியின் பெல்லையும் எடுத்து மாட்டினான்.

ஹேண்டில்பார் உயர்ந்ததும் கேபிள்கள் எட்டவில்லை. பிரேக்குக்கு மொபெட் கேபிள் வாங்கி முனையை ராவிப் பொருத்திவிட்டான். கியர் கம்பியோ அதைவிட மெல்லிசு. அங்கேதான் காசிம் யோசித்தான். யோசித்து, கெட்டிக்காரத்தனமாக ஒரு முடிவுக்கு வந்தான். டவுனுக்குள் ஓட்ட கியர் எதற்கு? மலைக்குத்தானே கியர். கம்பியைக் கழற்றியதும் பின்னால் செயின் தானாகவே ஓடிப்போய் ஆறில் சின்னப் பல்லில் உட்கார்ந்துகொண்டது. வண்டியே சொல்கிறது என்று எடுத்துக்கொண்டான். முன்னால் மூன்றில் பெரியதில் செயினைப் போட்டு, செயினை நகர்த்துகிற கவட்டையையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டான். பெரிய சக்கரம் என்றால் பெரிய ஓட்டம். கைலி சிக்காமல் இருக்க மேலே ஒரு முழு செயின் கவரும் மாட்டினான். இந்த ஊரில் யார் செய்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். செயின் கவர் இல்லாத சைக்கிளை நம்மவர்கள் சைக்கிளாகவே மதிப்பதில்லை.

*

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து மச்சான் வண்டி ஏறினார். நிமிர்ந்த முதுகு, நேரான கழுத்து, கொம்பின் நுனியில் இரண்டு கை. கடைத்தெருவில் அவர் போன அழகைப் பார்த்துத் துணிக்கடை, மளிகைக் கடை என்று ஒவ்வொரு படியிலும் ஆள் எழுந்து நின்றது. முடிச்சு டயர் தார் ரோட்டில் குர்ரென்று ஒரு சத்தம் போட்டது. காசிம் பக்கத்தில் இன்னொரு சைக்கிளில் போனான். அன்று சந்தைக்குக் கடுக்காய் மூட்டையோடு சித்தேரியிலிருந்து இறங்கி வந்திருந்த செல்லி என்கிற மலைக்காரம்மா ரோட்டோரத்திலிருந்து கையை நீட்டிக் கத்தினாள்.

"துணிக்கார பாயி வந்துட்டாருடீ! பாயி, அடிவாரத்துக்கு எப்ப வருவீங்க?"

"வரேம்மா, வரேன்" என்று மச்சான் பெல்லை அடித்தார். அந்த முகத்தைக் காசிம் ஆறு வருடமாகப் பார்க்கவில்லை.

ஈத்கா மேடு அப்படியொன்றும் மலையில்லை. ஆரோக்கியமான ஆள் எழுந்து நின்று பத்துப் பதினைந்து மிதி மிதித்தால் தீர்ந்துவிடும். ஆனால் மச்சானால் எழுந்து நிற்க முடியாது. உட்கார்ந்தபடியே அழுத்தினார். நாலாவது மிதியில் முகம் வெளுத்தது. ஆறாவது மிதியில் வண்டி நின்றுவிட்டது. இறங்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல், பக்கத்திலிருந்த விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். வாயிலிருந்து சத்தமே வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் கொட்டியது. வெல்டிங் கடையிலிருந்து ஒரு தள்ளுவண்டியைக் கொண்டுவந்து, அதில் படுக்க வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். கடைத்தெரு முழுக்க மறுபடியும் படியில் எழுந்து நின்றது.

நாலு நாள் படுக்கை. ஐந்தாம் நாள் காசிம் போனபோது மச்சான் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "வெங்கடாசலத்துக்கிட்ட வரேன்னு சொல்லிடு." அவ்வளவுதான். குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் காசிம் பிழைத்திருப்பான்.

மறுநாள் காலையில் அவன் அக்காள் ஹமீதுன்னிசா கடைக்கு வந்தாள். அவர்கள் வீட்டு வழக்கப்படி அவளை ஆபா என்றுதான் கூப்பிடுவான். வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, உட்காராமல், சுவரில் சாய்த்திருந்த வண்டியையே பார்த்தாள். மணமான புதிதில் தர்காவில் சீரணி இனிப்பு வாங்கவும், தாய் வீடு போகவும், பழைய சைக்கிளின் கேரியரில் உட்கார்ந்து போனவள். ஆறு வருடமாகத் தையல் மிஷினைத் தவிர எதையும் மிதிக்காதவள்.

"இதுல என்னத்தைக் கழட்டுன?"

"ஒண்ணுமில்ல ஆபா. டவுனுக்குத் தேவையில்லாத சாமான்."

"அந்த இன்ஜினியரு கதைய எத்தனை வாட்டி கேட்டிருப்ப நீ?"

"நூறு வாட்டி."

"அவருக்கு ஒரு முட்டி போயிருச்சாமே. இரும்பு வச்சுத் தச்சிருந்தாங்களாம். தடி ஊனித்தான் நடப்பாராம். அந்தக் காலை வச்சிக்கிட்டுத்தான் மலை ஏறுனாராம்." அவள் குரல் உயரவில்லை. "முட்டி இல்லாத கெழவன் அங்க ஏறிட்டான். எங்காளு ஈத்கா மேட்டுல நின்னுட்டாரு. ஏத்துற சாமானைத்தான் நீ கழட்டிப்புட்ட போலிருக்குது, பாரு."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

*

காசிம் கடையின் பாதிக் கதவைச் சாத்தினான். டப்பாவிலிருந்து கவட்டையை எடுத்தான். செயின் கவரைக் கழற்றினான். முன்னால் செயினைப் பெரிய சக்கரத்திலிருந்து எடுத்து, மூன்றில் மிகச் சின்னதில் போட்டான். பின்னால் ஆறில் மிகப் பெரியதில் போட்டான். இதுவரைக்கும் அவனுக்கு அந்தக் குட்டிச் சக்கரத்தைப் பார்த்தால் விளையாட்டுச் சாமான் போலத்தான் இருந்தது.

வண்டியைத் தரையில் நிறுத்திப் பெடலைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினான். சக்கரம் போன தூரத்தைச் சாக்பீஸால் கோடு போட்டான். இரண்டு கஜம். முந்தின மாதிரி மாட்டிச் சுற்றினான். ஏழு கஜம் போய் எதிர்ச்சுவரில் முட்டிவிட்டது. ஏழு கஜம் இழுக்கிற வேலையை ஒரே மிதியில் அவர் முதுகின் தலையில் கட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. கடை வாசல் படியில், சாமான் ஏற்றுகிற பலகையைச் சரிவாகப் போட்டான். கேரியரில் ஒரு மணல் மூட்டையை வைத்துக் கட்டினான். மறுபடி சின்னச் சக்கரத்துக்கு மாற்றி, ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, பெடலை இரண்டு விரலால் அழுத்தினான்.

வண்டி மூட்டையோடு பலகையில் ஏறியது. இரண்டு விரல்தான். பஞ்சர் ஒட்டும்போது ரப்பரை அமுக்குகிற அழுத்தம் கூட இல்லை. காசிம் கையை எடுத்துவிட்டுப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான்.  பலசாலிக்கு இது தேவையில்லை. அவன் எழுந்து நின்று மிதித்துப் போய்விடுவான். எங்கேயோ ஒரு பட்டறையில் ஒருவன் உட்கார்ந்து, முடியாதவனை நினைத்து, முட்டி போனவனையும் முதுகு போனவனையும் நினைத்து, இந்தக் குட்டிச் சக்கரத்துக்குப் பல் வெட்டியிருக்கிறான். அந்த முடியாதவன் பாப்பிரெட்டிப்பட்டியில் இருப்பான் என்று அவனுக்குத் தெரியாது. தெரியாமலே அவனுக்கும் சேர்த்து வெட்டிவிட்டான். அவனைத்தான் தேவையில்லாத சாமான் என்று டப்பாவில் போட்டு மூடியிருந்தோம். காசிம் அழுதான். பாதிக் கதவு சாத்தியிருந்தது நல்லதாகப் போயிற்று.

மெல்லிய கம்பிக்கு மொபெட்டின் ஆக்சிலேட்டர் கேபிள் ஒத்துவந்தது. ஒரே நாளில் அல்ல. இழுத்துக் கட்டினால் செயின் இரண்டு பல் தாவியது, தளர்த்தினால் ஒரு பல்லிலும் நிற்காமல் கரகரவென்று சத்தம் போட்டது. ஒரு திருகை அரைச் சுற்று, கால் சுற்று என்று திருகித் திருகி மூன்று நாள் போயிற்று. பஞ்சருக்கு வந்தவர்களை எல்லாம் நாளைக்கு வரச் சொன்னான். செயின் கவரை நீளவாக்கில் அறுத்து, கைலி படுகிற மேல் பக்கத்துக்கு மட்டும் ஒரு தகடு வைத்தான். இரண்டு நெம்பையும் குனியாமல் கட்டை விரலுக்கு எட்டுகிற மாதிரி கொம்பின் உள்வளைவில் இறுக்கினான். மூன்றாம் நாள் மதியம் நெம்பைத் தள்ளியபோது 'டிக்' என்றது. செயின் மறுபேச்சில்லாமல் பக்கத்துப் பல்லுக்குப் போனது. இன்னொரு 'டிக்'. இன்னொன்று.

*

மச்சானை அழைத்து வருவதுதான் கியர் கம்பியைவிடப் பெரிய பாடாக இருந்தது. ஒன்றாம் தேதிக்கு இரண்டு நாள் இருந்தது. மரக்கடைக்குப் போட்டுக்கொண்டு போகச் சட்டை கூடத் தேய்த்து வைத்தாயிற்று. "ஊருக்கு இன்னொரு வாட்டி வேடிக்கை காட்டச் சொல்றியா?" என்றார். காசிம் வண்டியை அவர் வாசலிலேயே நிறுத்தி, குட்டிச் சக்கரத்தைத் தொட்டுக் காட்டினான். "மச்சான், இன்ஜினியரு எதுல ஏறுனாரு? இதுலதானே?"

அவர் குனிய முடியாமல், காலை அகட்டிக் கையைச் சுவரில் ஊன்றி, மெல்ல மெல்லத் தாழ்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஆமாடா" என்றார். "இதேதான். கால் மட்டும் வேகமா சுத்தும், வண்டி மெதுவாப் போவும். நாங்கூடச் சிரிச்சேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறும் முன் போனார்கள். ஆபாவும் துப்பட்டியோடு பின்னாலேயே நடந்து வந்தாள். வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மேட்டின் அடியில், அந்த விளக்குக் கம்பத்துக்கு முன்னால், மச்சான் வண்டியை ஒரு கணம் நிறுத்தினார். கம்பத்தைப் பார்க்கவில்லை. ஒரு காலை ஊன்றியபடி காசிமைக் கேட்டார்.

"எதுல போடணும்?"

"முன்னால சின்னதுல. பின்னால கடைசிக்கு ஒண்ணு கம்மியா வச்சிருக்கேன். இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குது. முடியலைன்னா கட்டை விரலால தள்ளுங்க."

மிதித்தார். கால்கள் ஆபாவின் தையல் மிஷின் பெடலைப் போல வேகவேகமாக ஆடின. வண்டியோ நடக்கிறவன் வேகத்துக்குக் கூடப் போகவில்லை. ஆனால் நிற்கவில்லை. முதுகு அசையவில்லை. காசிம் கேரியருக்குப் பின்னால் கையை நீட்டிக்கொண்டே, தொடாமல், கூடவே நடந்தான். மேட்டின் தலைக்குப் போய், ஈத்கா சுவரைச் சுற்றி, மச்சான் தானாகவே திரும்பிக் கீழே இறங்கி வந்து நின்றார். மூச்சு வாங்கவில்லை. முகத்தில் வலி இருக்கிறதா என்று காசிம் தேடினான். இல்லை. அங்கே இருந்தது வேறு. ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பினவர்களின் முகத்தில் அதை அவன் பார்த்திருக்கிறான்.

"இன்னும் ஒண்ணு பாக்கணும் மச்சான்" என்றான் காசிம். சந்தோஷத்தில் அவன் குரல் கீச்சென்று வந்தது. "துணி மூட்டை ஏத்துனா எப்படின்னு தெரியணும்ல. அளவா மணல் கட்டி எடுத்தாந்திருக்கேன்."

தன் சைக்கிளிலிருந்து மூட்டையை அவிழ்த்து, மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு திரும்பினான். கேரியரில் இடமில்லை. ஆபா துப்பட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாக, இருபது வருடத்துக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரியே ஏறி உட்கார்ந்திருந்தாள். பஸ் நிலையத்துப் பக்கமிருந்து பால்காரர்கள் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை.

"ஆபா, வேணாம். அவரு முதுகு..."

அவள் தம்பியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிரே இருந்த நிமிர்ந்த முதுகை மட்டும் பார்த்தாள். அதில் கை வைக்கவில்லை. சீட்டின் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

பின்னால் பாரம் ஏறியது மச்சானுக்குத் தெரிந்திருக்கும். மணல் மூட்டையா, மனுஷியா என்றும் தெரிந்திருக்கும்.  காலை எடுத்துப் பெடலில் வைத்தார். வண்டி நகர்ந்தது. விளக்குக் கம்பத்துக்கு நேராக வந்தபோது தயங்கியது. முன்சக்கரம் இடமும் வலமும் ஒருமுறை ஆடியது. காசிம் மூட்டையோடு ஓரடி முன்னால் வைத்தான். 

அப்போது கொம்பின் வளைவில் மச்சானின் கட்டை விரல் நகர்ந்தது.

டிக்.

வண்டி ஆட்டம் நின்று நேரானது. கால்கள் முன்னைவிட வேகமாகச் சுற்றின. முடிச்சு டயர் ஒவ்வொரு முடிச்சாகத் தாரைப் பிடித்துப் பிடித்து விட்டது. இரண்டு முதுகும் நிமிர்ந்தபடி, ஒன்றின்மேல் ஒன்று சாயாமல், மேட்டின் வெளிச்சத்துக்குள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. பால்காரர்கள் சைக்கிளை விட்டு இறங்கி ரோட்டோரம் ஒதுங்கி நின்றார்கள். கீழே காசிம் மணல் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, இறக்கி வைக்க வேண்டும் என்பதே தோன்றாமல் நின்றுகொண்டிருந்தான்.